கங்கு ஏறிய ஆம்னி

மாருதி ஆம்னி 1984-இல் வந்தது. 2019-இல் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் ஆம்புலன்ஸாக, பள்ளிக்கூட வண்டியாக, கல்யாணச் சாமான் ஏற்றும் வண்டியாக உழைத்த ஆம்னிகளில் பல இன்று சாயங்காலக் கடைகளாகியிருக்கின்றன. திண்டுக்கல் பக்கமும் அப்படித்தான். பின்கதவைத் தூக்கிவிட்டால் அதுவே கூரை. தட்டையான தளம், இரண்டு பக்கமும் இழுகதவு. பிரியாணி அண்டாவை ஏற்றி வைத்து விற்க இதைவிட வாகான சின்ன வண்டி கிடைக்காது.

அண்டாவில் இருப்பது சமைத்து இறக்கிய சோறு. அதே இடத்தில் கரி அடுப்பை வைத்துக் கோழியும் ஆட்டுக்கறியும் சுட்டு விற்கக் கிளம்பினால் கதை வேறு. பழைய வேனை பார்பிக்யூ வண்டியாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அடுப்பின் அளவிலிருந்து தொடங்குகிறார்கள். அடுப்பை எந்தப் பட்டறையிலும் அடித்துக்கொள்ளலாம். காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பேன். மற்ற எல்லா முடிவும் அதற்குப் பின்னால் வருபவை. ஏன் என்று பார்க்க, கரியிலிருந்து ஆரம்பிப்போம்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல விறகை நெருக்கமாக அடுக்கி, இலைதழையும் மண்ணும் போட்டு மூடி, சில துளைகளை மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். இதுதான் கரிமூட்டம். உள்ளே போகும் காற்று போதாததால் விறகு எரிந்து சாம்பலாவதில்லை, வெந்து கரியாகிறது. முதலில் ஈரம் ஆவியாகும். 300 டிகிரியை நெருங்கும்போது மரத்தின் செல்லுலோஸும் லிக்னினும் உடைந்து புகையாகவும் தாராகவும் வெளியேறும். மிஞ்சுவது பெரும்பகுதி கார்பன். 100 கிலோ விறகுக்கு 20 கிலோ கரி தேறினால் நல்ல மூட்டம். எடை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தாலும், கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது: காய்ந்த விறகில் 15, 16 மெகாஜூல், நல்ல கரியில் 29 வரை. சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு நடந்த மாநிலம் இது. அந்த மரம் கண்மாய்களுக்குள் பரவிய கேட்டை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதன் கட்டை இறுகியது. அதனால் கரியும் கனமாக, பொடியாமல், நின்று எரியும்.

விறகில் எழும் தீநாக்கு கரியில் இல்லை. ஆவியாகி எரிய வேண்டியதெல்லாம் மூட்டத்திலேயே போய்விட்டதால், இங்கே ஆக்சிஜன் கங்கின் மேற்பரப்புக்கே வந்து கார்பனைத் தொட வேண்டியிருக்கிறது. எரிதல் அந்த மெல்லிய பரப்பில்தான் நடக்கிறது. இறைச்சிக்குப் போகும் வெப்பத்தின் பெரும்பகுதி சூடான காற்றாகப் போவதில்லை, கதிர்வீச்சாகப் போகிறது. கதிர்வீச்சின் கணக்கு கறாரானது: கெல்வின் அளவில் எடுத்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கு. 500 டிகிரி செல்சியஸில் கங்குப் படுகை சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் வரை வீசும். 700 டிகிரியில் அது 50. 800 டிகிரியில் 75. சித்திரை உச்சிவெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்களின் கனம் புரியும். விசிறியால் நாலு வீசு வீசியதும் கங்கு கருஞ்சிவப்பிலிருந்து பளிச்சென்ற சிவப்புக்கு மாறுகிறதே, அந்த 100 டிகிரி ஏற்றம் மட்டுமே வெப்பத்தை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. கை விசிறியைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவருக்கு வேறு குமிழ் எதுவும் தேவையில்லை.

இப்போது இதை வண்டிக்குள் வைத்துக் கணக்குப் போடுவோம். மாலை 6 மணிக்குப் பற்றவைத்து 10 மணிக்குள் 5 கிலோ கரி எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 145 மெகாஜூல்; நான்கு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் 10 கிலோவாட். வீட்டில் தண்ணீர் காயவைக்கும் 1000 வாட் ஹீட்டர்கள் பத்தை ஒரே நேரத்தில் போட்டது போல. இதில் கோழிக்கு எவ்வளவு போகிறது? ஒரு கிலோ கோழியை 25 டிகிரியிலிருந்து 75-க்கு ஏற்றவும், அதன் நீரில் ஒரு பகுதியை ஆவியாக்கவும் ஏறத்தாழ 0.6 மெகாஜூல் போதும். 20 கிலோ சுட்டாலும் 12, 13 மெகாஜூல்தான், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் காற்றுக்கும், தகட்டுக்கும், அடுப்பின் முன் நிற்பவரின் உடம்புக்கும் போகிறது. அவர் உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். வியர்வை ஆவியாக உடம்பின் மேல் காற்று ஓட வேண்டும்.

சமையல்காரரின் வியர்வையைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ கரி முழுதாக எரிய ஏறத்தாழ 9 கன மீட்டர் காற்று வேண்டும். 5 கிலோவுக்கு 45. ஆம்னியின் உள்ளே மொத்தமாக அடங்குவது சுமார் 4 கன மீட்டர். ஆக, ஒரு மாலையில் பதினோரு வேன் நிறையக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மொத்தத்தையும் அந்த அடுப்பு தின்றுவிடும்.

காற்று குறைந்தால் தீ அணைந்துவிடும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அணைவதற்கு வெகுநேரம் முன்பே ஆபத்து வந்துவிடுகிறது. படுகையின் அடியில் காற்று புகும் இடத்தில் கார்பன் எரிந்து கார்பன் டைஆக்சைடாகிறது. அது மேலே ஏறும்போது செந்தணலாக நிற்கும் கார்பனை உரசுகிறது. ஒரு ஆக்சிஜன் அணுவை அதற்குக் கொடுத்துவிட்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேற்பரப்பில் போதிய காற்றும் சூடும் இருந்தால் இந்த வாயு எரிந்துவிடும். கொழுந்துவிட்ட கங்கின் மேல் மெல்லிய நீலச் சுடர் ஓடுவதை இருட்டில் பார்த்திருப்பீர்கள்; எரிவது அந்த வாயுதான். காற்று போதாமல் போனால் எரியாமல் அப்படியே வெளியேறும். நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சல் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம். தூக்கம் வருகிறது என்று படுப்பவர் எழுந்திருப்பதில்லை.

2024 ஆகஸ்டில், இதே திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பின் புகை சேர்ந்த விடுதி அறைக்குள் உறங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று பின்னர் உறுதியானது. ஒன்று அறை, மற்றொன்று வண்டி. கரி அடுப்பும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஏறும் பார்பிக்யூ வேனுக்கு இந்த இரண்டு ஆபத்தும் உண்டு.

ஆகவே கங்கு எரியும்போது வண்டிக்குள் இருக்கக் கூடாது என்பது என் முதல் விதி. ஆம்னிக்குள் ஆள் நிமிர்ந்து நிற்க இடமில்லாதது இங்கே நல்லதாகப் போயிற்று. சமைப்பவர் எப்படியும் வெளியில்தான் நிற்கப் போகிறார். தளத்தில் இரண்டு சி-சேனல் தண்டவாளம் போட்டு, அடுப்பை அதன் மேல் உருளையில் ஏற்றிவிட்டால், வண்டி ஓடும்போது உள்ளே தள்ளிப் பூட்டலாம். நிறுத்தியதும் வெளியே இழுத்து, அதன் முன்காலைத் தரையில் ஊன்றலாம். பின்கதவுக்கு நேர் கீழே நின்றுவிடாமல் அதைத் தாண்டும் அளவுக்கு வெளியே வர வேண்டும். அந்தக் கதவைத் தூக்கிப் பிடிப்பவை அழுத்தமான வாயு அடைத்த தண்டுகள். தொடர்ந்து சூடு பட்டால் அவற்றின் சீல் போய்விடும். ஒருநாள் கதவு தலையில் இறங்கும். எச்சரிக்கைக்கு ஒரு குழாயை முட்டுக் கொடுத்து வையுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு காரணம் எடை. தண்டவாளம் எதற்கு, அடுப்பைப் பின்பம்பருக்கு வெளியே நிரந்தரமாக வெல்ட் செய்துவிடலாமே என்று கேட்பார்கள். ஆம்னியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.8 மீட்டர். பின்அச்சிலிருந்து வெறும் 0.6 மீட்டர் தள்ளி 100 கிலோ அடுப்பைத் தொங்கவிட்டாலே, பின்அச்சு தாங்குவது 100 கிலோ அல்ல, 133 கிலோ. அந்த அதிகப்படி 33 கிலோ முன்அச்சிலிருந்து பிடுங்கியது. நெம்புகோல் செய்யும் வேலை. வண்டியின் சொந்த எடையே முக்கால் டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இவ்வளவு இலேசான வண்டியில் முன்சக்கரம் அந்த அளவு லேசாகிப்போனால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது, பிரேக் போட்டால் முன்பிடிமானமும் குறையும். திருவிழாக் கடைக்கு என்று சிறுமலைக்கு ஏற்றினால் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இது தெரியவரும்.

அதே வளைவுகளில் தண்ணீரும் தன் வேலையைக் காட்டும். 100 லிட்டர் டாங்கில் பாதி நீர் இருந்தால், வண்டி இடதுபுறம் திரும்பும்போது 50 கிலோ வலதுபுறம் ஓடும். அதுவும் வண்டி சாயும் அதே பக்கமாக. 20 லிட்டர் கேன்களில் நிறைய நிரப்பி, தளத்தோடு தளமாகக் கட்டி வையுங்கள். கூரைமேல் டாங்க் வைக்கவே கூடாது.

பட்டறைக்கு வருவோம். பழைய வேன்களை வேலைக்கு எடுப்பவர்கள் தகடு வாங்கும்போது விலையைப் பார்த்து ஜி.ஐ. ஷீட் எடுத்துவிடுகிறார்கள். கதவு மூடிக்கும் மேசைக்கும் அது சரி. நெருப்புப் பெட்டிக்கு ஆகாது. ஜி.ஐ. தகட்டின் மேலிருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். கங்கின் சூட்டுக்கு இவை எட்டாத அளவுகள் அல்ல. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். ஜி.ஐ. பற்றவைத்துப் பழகிய வெல்டர்கள் பலருக்கு இந்தக் காய்ச்சல் தெரிந்த விஷயம். காலி பெயிண்ட் டிரம், ரசாயன டிரம் எதையும் பிளந்து அடுப்பாக்க வேண்டாம். 3 மில்லிமீட்டர் கறுப்பு இரும்புத் தகடு போதும். சாம்பலோடு ஈரம் சேரவிடாமல் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் பல வருடம் வரும். கறி படும் கம்பிவலைக்கு எஸ்.எஸ். தேவை. கடையில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை, 304 தரம்தான் என்பார்கள். 202-உம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பாதீர்கள், பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

உள்கூரைக்கு வெப்பத்தடுப்பாகத் தெர்மோகோல் ஒட்டுவது இன்னொரு பழக்கம். வெயிலைத் தடுக்க அது நல்ல பொருள்தான். ஆனால் 100 டிகிரியை எட்டும் முன்பே இளகத் தொடங்கும், தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்தபடி விழும். ராக்வூல் 1000 டிகிரிக்கும் அசராது. அதன் மேல் பளபளப்பான அலுமினியத் தகட்டை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்தால் கதிர்வீச்சில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். இடைவெளியின் மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். அதன் வழியே ஓடும் காற்று தகட்டைக் குளிர்விக்கும். இந்த வேலை முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டாங்கும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, அடுப்பு நிற்கும் இடத்திலிருந்து அவை எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். புரோட்டாக் கல்லுக்கென்று எரிவாயு சிலிண்டரும் ஏற்றுவதானால் தளத்தோடு ஒட்டிக் காற்றுத் துளை வேண்டும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே எத்தனை ஜன்னல் இருந்தாலும் பயனில்லை.

இனி வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது என்பது. காற்று முன்கண்ணாடியில் மோதும்படி நிறுத்தினால், அது வண்டியைச் சுற்றி ஓடிப் பின்புறத்தில் ஒரு சுழலை உண்டாக்கும். அங்கே அழுத்தம் குறைவு. பின்னால் எழும் புகை வெளியே போகாமல், திறந்த பின்கதவு வழியாக வண்டிக்குள் திரும்பி வரும். பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினாலோ புகை நேராகவே உள்ளே போகும். இரண்டும் கூடாது. காற்று பக்கவாட்டில் வர வேண்டும். காற்று வரும் பக்கத்து இழுகதவைத் திறந்து, எதிர்ப்பக்கத்தை மூடிவிட்டால் உள்ளே நுழையும் காற்று பின்வழியாகவே வெளியேறி, புகையையும் தள்ளிக்கொண்டு போகும். சமைப்பவரும் வாடிக்கையாளரும் காற்று வரும் பக்கமாக நிற்கலாம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் திண்டுக்கல்லின் பழனி சாலை இதற்குச் சிக்கலான இடம். சாலையும் மேற்கே போகிறது, காற்றும் அதே வழியில் வருகிறது. சாலையோடு ஒட்டி நிறுத்தினால் முன்னாலோ பின்னாலோ வாங்கித்தான் ஆக வேண்டும். பொட்டல் கிடைக்கும் இடமாகப் பார்த்துக் குறுக்கே நிறுத்துவது நல்லது. சந்தேகமாக இருந்தால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஊதுபத்தி ஒன்றைப் பின்கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பிடித்துப் பாருங்கள். மேலே வெளியே போகும் புகை கீழே உள்ளே வருவதும் உண்டு. அப்படி வந்தால் வண்டியை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

கறிக்கு வருவோம். திண்டுக்கல் என்றால் ஆட்டுக்கறிப் பிரியாணி. 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்தான் பின்னாளில் தலப்பாக்கட்டியானது. தம் போடும்போது அடியில் மிதமான தணல், மூடிமேலும் கங்கு, உள்ளே நீராவி. நீராவி எவ்வளவு நேரம் நின்றாலும் 100 டிகிரியைத் தாண்டாது. கறியின் தசைகளைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் பொறுமையாக வெந்தால் ஜெலட்டினாக இளகும். தம்மில் கறி பஞ்சாவது அதனால்தான். கங்கின் மேல் நடப்பது நேர் எதிர். கறியின் மேற்பரப்பு சில நிமிடங்களில் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த வினை இது. நீராவியில் இது அந்த வேகத்தில் நடக்காது.

சுட்ட கறியின் வாசம் கரியிலிருந்து வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். நன்றாக வெந்த கரியில் வாசம் தரும் லிக்னின் மூட்டத்திலேயே போய்விட்டது. கங்கின் மேல் சொட்டும் கொழுப்பும் மசாலாச் சாறும் கருகி எழுப்பும் புகைதான் கறியில் படிகிறது. அது அளவோடு இருக்க வேண்டும். கொழுப்பு தீப்பற்றிச் சுடர்விட்டுக் கறியை நக்கினால் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் படியும். கொழுப்பு அதிகமுள்ள துண்டைக் கங்குக்கு நேர் மேலே வைக்காமல் ஓரமாக வையுங்கள்.

அமெரிக்கர்கள் டெக்சாஸில் மாட்டின் நெஞ்சுக்கறியை 110, 120 டிகிரிப் புகையில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மூடி வைக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே ஆம்னிக்குள் மூடிய அடுப்பை இரவெல்லாம் எரியவிட ஆசைப்படுவது தேவையற்ற வேலை. அவர்களுடைய துண்டு பல கிலோ, கொழுப்பு ஓடியது. நம்முடைய வெள்ளாட்டு விலா சின்னது, கொழுப்பு குறைந்தது. அத்தனை நேரம் வைத்தால் சருகாகிவிடும். நேராகக் கங்கில் போட்டாலோ மேல் கருகி, உள் ரப்பராகும். இரண்டு வேலையையும் பிரித்துவிடுவதே சரி. கறியை மதியமே வீட்டில் தம்மில் வேகவைத்து, ஆறவைத்து, ஐஸ் பெட்டியில் முன்சீட்டுப் பக்கம் ஏற்றுங்கள். வண்டியில் செய்ய வேண்டியது தயிரும் மஞ்சளும் பூசி, நல்ல கங்கில் மூன்று நான்கு நிமிடம் சுட்டு, உள்ளும் 75 டிகிரி எட்டும்வரை சூடேற்றிக் கொடுப்பது மட்டும். 5 கிலோ கரி வேண்டிய இடத்தில் பாதி போதும். வெப்பமும் பாதி, கெட்ட வாயுவும் பாதி.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. கட்டரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், எடுத்த பிறகு அல்ல. கூரையும் தூண்களும்தான் வண்டிக்கு விறைப்பைத் தருகின்றன. கூரையில் புகைபோக்கிக்கு ஓட்டை போட ஆசைப்படுபவர்கள் அதை நினைக்க வேண்டும். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும், மாநகராட்சியில் வியாபாரத்துக்கான அனுமதியும் தனி.

கடை அடைத்த பிறகுதான் ஒரு நாளின் மிக ஆபத்தான அரை மணி நேரம் வருகிறது. கங்கு சாம்பல் போர்த்திக்கொண்டு அணைந்தது போலக் கிடக்கும். கையை வைத்தால் இளஞ்சூடு. உள்ளே கரி இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, காற்று குறைவாக. கார்பன் மோனாக்சைடு தாராளமாக உண்டாவது அந்த நிலையில்தான். களைத்துப்போனவர்கள் அடுப்பை உள்ளே தள்ளி, கதவுகளை இழுத்துச் சாத்தி, பனியென்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஆம்னியில் ஓட்டுநருக்கும் அடுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆகவே கங்கை இறுக்கமான மூடி போட்ட இரும்பு வாளிக்கு மாற்றுங்கள். அதை வண்டிக்குள் வைக்காதீர்கள். கையோடு கொண்டுபோக வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சீறல் முழுதும் நின்ற பிறகு ஏற்றுங்கள். அப்போதும் இரண்டு பக்கக் கண்ணாடியும் இறங்கியே இருக்கட்டும்.